சாயம் போகும் நீலத்துணி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகல். புதுச்சேரி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் ஒதுங்கியிருந்தேன். நனைந்த குடையோடு ஓர் ஆப்பிரிக்கப் பெண் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பிரெஞ்சில் நீலத்துணி கேட்டார். பள்ளியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் நினைவிருந்ததால் நான் மொழிபெயர்த்தேன்.

கடைக்காரர் இருந்த நீலங்களையெல்லாம் விரித்துப் போட்டார். வெளியே மழை, மேசை முழுவதும் நீலம். தண்ணீருக்கு அடியில் நிற்பது போலிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு துணியையும் உள்ளங்கையில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, வேண்டாமென்று தலையசைத்தார். கையில் ஒட்டுகிற நீலம்தான் வேண்டுமாம்.

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாயம் போற துணியா? எங்க வாப்பா காலத்துலேர்ந்து சாயம் போவாதுன்னு சொல்லித்தானே யாவாரம் பண்றோம்!"

காலி மீன்கூடையோடு வாசலில் ஒதுங்கியிருந்த, தேங்காய்த்திட்டிலிருந்து வரும் மீன்கார அம்மாள் விடவில்லை. "இன்னா பாய், எனக்குக் குடுத்தியே ஒரு புடவை, ஒரே அலசுல பக்கெட்டு பூரா ஊதா. அத எடுத்துப் போடு."

"யக்கா, நீ வேற!"

கடையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். அவர் ஊர் செனகல். ஒரு காலத்தில் புதுச்சேரி நீலத்துணி கப்பலேறி அங்கே போனதாம். அவருடைய அம்மாவின் சிறுவயதில் வீட்டுப் பெண்கள் அதைத்தான் தலையில் சுற்றுவார்கள்; வியர்வையில் கழுத்தெல்லாம் நீலமாகும். இப்போது அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, பெற்ற மகள் உட்பட. அந்த நீலக் கழுத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மறுநாள் மகளுக்கு விமானம்.

நான் சொல்லி முடித்ததும் கடைக்காரர் உள்ளே போனார். யாரோ குறை சொல்லித் திருப்பிக் கொடுத்த ஒரு துணியை எடுத்து வந்து, அதன் முனையை மழையில் நீட்டி நனைத்து, அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

"இதுக்கு காரன்டி தரேம்மா. கண்டிப்பா சாயம் போவும்."

உள்ளங்கை நீலமானது. அதை அவர் கழுத்தில் பூசிக்கொண்டு, கைப்பேசியில் வீட்டை அழைத்தார். திரையில் ஒரு முதிய முகம் வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு ஏதோ ஒரு சொல் சொல்லிச் சிரித்தது. அந்தப் பெண் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களைத் தெரிந்துவிட்டதா?" என்றேன்.

"இல்லை. தன் அம்மாவாக நினைத்து என்னை 'அம்மா' என்று கூப்பிடுகிறார்" என்றார், கண்களைத் துடைத்தபடி.

நான் பிறந்து வளர்ந்த ஊர், கடலுக்கு அப்பால் ஒருவர் நினைவில் கடைசியாக மிஞ்சிய நிறமாக இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. இன்றும் துணி அலசும்போது தண்ணீர் நீலமாக மாறினால், உடனே கொட்ட மனம் வருவதில்லை.