பெரிய மேப்

நாங்கள் வாத்து மேய்க்கிறவர்கள். குறுவை அறுத்த வயலில் ஓட்டிவிட்டால் சிந்திய நெல்லை வாத்துகள் தின்னும். அடுத்த நடவுக்கு டிராக்டர் இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் பட்டினி.

மனைவியின் தம்பி சவூதியில் பாலைவனத்தில் வேலை பார்த்தவன். காடு மலையில் நடக்கிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ் ஒன்றை எனக்குக் கொடுத்தான். நம் பக்கத்து ஆறு, வாய்க்கால், பாலம் எல்லாம் காட்டும் மேப்பை மெமரி கார்டில் ஏற்றியிருந்தான். சவூதி மேப்பும் அதிலேயே கிடந்தது. கார்டு நிரம்பி மிஷின் திணறியது.

"வேண்டாத மேப்ப அழிச்சிடுங்க மச்சான், சரியாயிடும்" என்று போனில் சொன்னான்.

கூத்தாநல்லூர் செல்போன் கடையில் பாய் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார்.

"ரெண்டு ஃபைல் இருக்கு. எது வேணும், பாத்துச் சொல்லுங்க."

பெயர்கள் இங்கிலீஷில் இருந்தன. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மனைவி பத்தாவது படித்தவள். வெளியே நின்றாள். கூப்பிடவில்லை.

"எது பெருசு?" என்றேன்.

"மேல இருக்கறது."

பாலைவனத்தில் மணலைத் தவிர என்ன இருக்கும்? நமக்கோ எட்டு வைத்தால் ஒரு வாய்க்கால். பெரியது நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"பெருச வைங்க. சின்னத அழிங்க."

"ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா?"

"எதுக்கு பாய்? எனக்குத் தெரியாதா?"

நீடாமங்கலம் பக்கம் ஒரு வயல்காரர் வரச் சொல்லியிருந்தார். மறுநாள் மத்தியானம் அங்கே டிராக்டர். விடிந்ததும் வாத்துகளைக் கிளப்பினோம். மிஷின் திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு அம்புக்குறி மட்டும்.

"என்ன காட்டுது?" என்றாள் மனைவி.

"நேராப் போகச் சொல்லுது."

நேராகப் போனோம். ஆறு குறுக்கே வந்தது. தண்ணீர் இழுத்து ஓடியது, வாத்துகளை இறக்க முடியாது. கரையில் புல் அறுத்த அம்மாவிடம் மனைவி பாலம் எங்கே என்று கேட்டாள்.

"பாலத்துக்குத் திரும்புற எடத்தத் தாண்டியில்ல வந்துட்டீங்க. அவரு கையில டிவிப் பொட்டி மாதிரி வெச்சிருக்காரே, அதுல தெரியலையா?"

"அதுல நாடகம் ஓடுதுக்கா" என்றாள் மனைவி. என் கையிலிருந்து மிஷினை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெகுதூரம் தள்ளியதும் சவூதி மேப் வந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது முக்கால் வயல் உழுதாகிவிட்டது. மிச்சம் இருந்த மூலையில் வாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேய்ந்தன.

"உங்களுக்காக டிரைவர உக்கார வெச்சேன். எவ்வளவு நேரம்யா உக்காருவான்?" என்றார் வயல்காரர்.

"மிஷின் கெட்டுப்போச்சுங்க ஐயா" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பவில்லை.

மைத்துனன் மேப்பை மறுபடி அவள் போனுக்கு அனுப்பினான். அதே கடை. இந்தத் தடவை அவள் முன்னால் போனாள்.

"பாய், எனக்கு இங்கிலீஷ் வராது. எங்க பக்கத்து மேப்புக்குத் தமிழ்ல பேர் போட்டுக் குடுங்க."

"அண்ணனுக்குத்தான் தெரியுமே?"

"அவருக்குத் தெரியும். நான்தான் தடுமாறுறேன்."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் தட்டினார். திரையில் 'நம்ம ஊர்' என்று வந்தது. கூட்டிப் படித்துவிட்டேன்.

"காப்பி ஒண்ணு?" என்றார் பாய்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வைங்க பாய்" என்றேன்.