ஏரோப்ளேன் காடு

சேலம் சந்திப்பில் நான் இறங்கியபோது காலை ஐந்து ஐம்பது. எண்பத்திரண்டாம் வருடம், ஆனி மாதத்துச் சனிக்கிழமை. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு டப்பா எலுமிச்சை சாதம், அரசாங்கத்திலிருந்து வந்த ஒன்பது பக்க அறிக்கையின் நகல். அதற்கு முன் நான் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. என் கணவர் ரகுநாதன் அந்த வட்டாரத்தைப் பலமுறை கடந்திருக்கிறார், ஆனால் ஆகாயத்தில். சென்னையில் ஒரு முதலாளிக்குச் சொந்தமான சிறு விமானத்துக்கு அவர் விமானி. ஒற்றை எஞ்சின், ஆறு இருக்கை. முதலாளிக்குக் கோயம்புத்தூரிலும் தொழில் இருந்ததால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போய்வருவார்.

முந்தைய ஆண்டு தை மாதத்தில் முதலாளியைக் கோயம்புத்தூரில் இறக்கிவிட்டு அவர் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் எஞ்சின் மக்கர் செய்தது. கிழக்கே மலைகள் என்பதால் தெற்கே திருப்பிக் காவிரியை ஒட்டிப் பறந்தார். சிறிது நேரத்தில் எஞ்சின் முழுதாக நின்றுபோனது. ஜேடர்பாளையத்துக்கு அருகே ஒரு மேட்டு நிலத்தில் விமானம் விழுந்தது. அவர் அங்கேயே இறந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நானும் பதினைந்து மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சித்திரையில் வந்த அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கிராமத்தினர் விமானியை வெளியே எடுத்தனர், சுமார் நாற்பது நிமிடம் கழித்து வாகனத்தில் கொண்டு செல்லும் வழியில் அவர் உயிர் பிரிந்தது, அவர் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை.

நாற்பது நிமிடம். அவரோடு வாழ்ந்த பதினோரு வருடத்தையும் நாள் நாளாகச் சொல்ல என்னால் முடியும். அந்த நாற்பது நிமிடம் மட்டும் என்னிடம் இல்லை. யாரோ ஒருவரிடம் இருந்தது. நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்கிறவள். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்து ஊரான பரமத்தி வேலூருக்கு டிரங்க் கால் போடுவது எனக்கு இரண்டு நிமிட வேலை. போட்டு யாரைக் கூப்பிடச் சொல்வது? கிராமத்தினர் என்று ஒருவருக்கும் பெயர் இல்லையே.

"அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க அண்ணி, மனசுதான் கெட்டுப்போகும்" என்றார் கொழுந்தனார். என் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

ஏழு மணிக்கு நாமக்கல் பேருந்து. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், நாலு ரூபாய் இருபது காசு. மல்லூர் தாண்டியதும் சாலையோரக் களங்களில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்தது. அதன் புளித்த வாசனை ராசிபுரம் வரை பேருந்துக்குள் கூடவே வந்தது. அதற்கப்புறம் இருபுறமும் திறந்த வெளி. தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெட்டவெளியையும் பார்க்கும்போது, இங்கே இறங்கியிருக்கலாமே, இது நல்ல சமதரையாக இருக்கிறதே என்று மனம் அளந்துகொண்டே வந்தது. விமானம் இறக்குவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் அளந்தேன்.

எட்டேமுக்காலுக்கு நாமக்கல். ஊர் நடுவே ஒரே கல்லாக நிற்கும் மலை, அதைச் சுற்றி எங்கு பார்த்தாலும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், காதைத் துளைக்கும் சுத்தியல் சத்தம். காப்பி மட்டும் குடித்துவிட்டுப் பரமத்தி வேலூர் பேருந்தில் ஏறினேன். இருபது கிலோமீட்டர். வேலூரை நெருங்க நெருங்கப் பூமி நிறம் மாறிவிட்டது. வாழை, கரும்பு, அகத்தி மரத்தில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்கள். நிழலும் ஈரமுமாக ஒரு குளிர்ச்சி. விமானம் இறங்க இங்கே ஒரு கைக்குட்டை அளவுகூட இடமில்லை.

ஜேடர்பாளையம் போகும் டவுன் பஸ் பத்தே காலுக்குப் புறப்பட்டது. நடத்துநருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்கம்மா, எங்க போகோணும்?"

எப்படிக் கேட்பது என்று சென்னையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். அப்போது ஒன்றும் வாயில் வரவில்லை. "போன வருஷம் இந்தப் பக்கம் ஒரு விமானம் விழுந்ததே" என்று மட்டும் சொன்னேன்.

"ஏரோப்ளேன் காடுங்களா? ஜேடர்பாளையத்துக்கு மூணு கிலோமீட்டர் முன்னாலயே எறங்கிக்கோணும். நான் எறக்கி உடறேன்" என்று சொல்லி டிக்கெட் கிழித்தார். எழுபது காசு.

அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகிவிட்டது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. பாண்டமங்கலம் தாண்டி, வாய்க்காலை ஒட்டி வண்டி போனது. கடைசியில் நடத்துநர் விசில் ஊதி, "ஏரோப்ளேன் காடெல்லாம் எறங்குங்க" என்றார். என்னோடு உரமூட்டையோடு ஒருவர் இறங்கினார். அந்தப் பெயர் அங்கே யாரையும் உறுத்தவில்லை. தினமும் சொல்லித் தேய்ந்த பெயர்.

உரமூட்டைக்காரர் பெயர் கருப்பண்ணன். காட்டுக்குச் சொந்தக்காரரே அவர்தான் என்பது நான் வழி கேட்டபோது தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் மூட்டையைச் சாலையோரம் இறக்கி வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடங்க. பக்கந்தான்" என்றார்.

அந்தப் பக்கம் காடு என்றால் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். இரண்டரை ஏக்கர். ஒரு கிணறு, அதன் மேட்டில் தலையில்லாத ஒரு பனை. நான் போன மாதத்தில் காடு சும்மாக் கிடந்தது, உழுது போட்டிருந்தார்கள். விமானம் விழுந்ததற்கு அடையாளமாக எதுவும் இல்லை. தகரம், கண்ணாடி எல்லாவற்றையும் விசாரணைக்கு வந்தவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள் என்றார்.

"அன்னைக்குக் கடலை புடுங்கிட்டிருந்தோமுங்க. பதினோரு பொம்பளைங்க, வரிசையா குனிஞ்சாப்ல. சத்தமே இல்லீங்க. சத்தம் இருந்திருந்தா நிமுந்து பாத்திருப்பாங்கல்ல. நான் மட்டுந்தான் கெணத்துமேட்டுல நின்னேன். நேரா அவங்களப் பாத்து எறங்குது. கத்தோணும்னு வாயத் தொறக்கறேன், குரலே வரல. அதுக்குள்ள அவரே பாத்துட்டாருங்க. அப்படியே இக்கட்டால திருப்பினாரு. றெக்கை பனைல அடிச்சுது. பனைக்கு அக்கட்டால போய் உழுந்துது."

பனைக்கு அந்தப் பக்கம் அவர் கை காட்டிய இடத்தை நான் பார்த்தேன். மற்ற இடத்தைப் போலவே செம்மண்.

"அவர் நேரா வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"நேரா வந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க. நல்லா பொலபொலன்னு மண்ணு. வழுக்கிட்டுப் போயி நின்னிருக்கும்." பனையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தப் பதினோரு பேருல என்ற சம்சாரமும் ஒருத்தி."

வீடு காட்டிலேயே இருந்தது, ஓட்டு வீடு. வாசலில் அவர் மனைவி பாவாயி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கருப்பண்ணன் விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். "வாங்க அம்முணி" என்றதோடு சரி. அதன் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை.

கருப்பண்ணன்தான் பேசினார். பெட்ரோல் வாடை அடித்ததால் மற்றவர்கள் கிட்டே வரப் பயந்தார்கள். இவரும் பாவாயியும் மட்டும் போய்க் கதவைப் பெயர்த்து என் கணவரை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டு, வண்டி பிடிக்க இவர் சாலைக்கு ஓடினார். நெடுநேரம் ஒரு வண்டியும் வரவில்லை. கடைசியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. கரும்பு முழுவதையும் சாலையிலேயே தள்ளிவிட்டு அவரை ஏற்றினார்கள். பாண்டமங்கலத்தைத் தாண்டுமுன் உயிர் பிரிந்துவிட்டது.

"அவர் ஏதாவது பேசினாரா?"

"நான் ரோட்டுல இருந்தனுங்களே. இவதான் கூட இருந்தா. ஆபீசருங்க வந்து கேட்டப்பயும் ஒண்ணும் பேசலைன்னுதான் சொன்னா." சொல்லிவிட்டு எழுந்தார். "மத்தியானச் சோறு இங்கதானுங்க. நான் போயி மூட்டைய எடுத்துட்டு வாரேன்."

அவர் போன பிறகு பாவாயி அடுப்படிக்குப் போகாமல் தூணருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்முணி, உங்க பேரு என்னங்க?"

"சரோஜா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. என்ற ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல. அவரு பேசுனாருங்க. மொதல்ல தண்ணி கேட்டாரு. குடுத்தேன். ஆருக்காவது அடிபட்டுதான்னு கேட்டாரு. ஒருத்தருக்கும் இல்ல சாமின்னேன். அப்புறம் கண்ணு சொருகிப்போச்சு. தலைய மடியில வெச்சிருந்தேன். கொஞ்ச நேரங்கழிச்சு, சரோ, வந்துட்டியாங்கறாரு."

என்னை சரோ என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"நான் பேசாம இருந்தேன். மறுக்காவும் கேட்டாரு. தேடறாருங்க, கையால தொழாவறாரு. எனக்கு மனசு தாங்கல. வந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன். நாந்தான் வந்துட்டேன்னு."

பாவாயி அழவில்லை. அதிகாரிக்கு முன்னால் நிற்பவளைப் போலத் தலையைக் குனிந்திருந்தாள்.

"சாவறவருகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். இன்னொருத்தி எடத்துல ஒக்காந்து கேட்டுப்போட்டேன். அதனாலதான் ஆபீசருங்ககிட்டச் சொல்லல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்தப் பகல் பதினொன்றரை மணிக்கு நான் இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரையோ யார் யாரோடோ சேர்த்துக்கொண்டிருந்தேன். இவள் என் பெயரில் அவரோடு பேசியிருக்கிறாள். கோபம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன்.

"அவர் நம்பினாரா?"

"நம்புனாருங்க. தொழாவறத உட்டுட்டாரு. என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"நாலரைக்கு எழுப்பி உட்ருன்னாரு. அது எனக்கு வெளங்கல. சரி, எழுப்பறேன்னேன். அதுக்கப்புறம் பேச்சில்லீங்க. தூங்கறாப்லதான் இருந்தாரு."

காலையில் விமானம் எடுக்க வேண்டிய நாட்களில் முந்தின இரவு படுக்கும்போது அவர் என்னிடம் சொல்கிற கடைசி வார்த்தை அதுதான். நாலரைக்கு எழுப்பிவிடு. கடிகாரத்தில் மணி வைத்தாலும் அதை நம்ப மாட்டார். நான் சரி என்றதும் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவார். அவர் பயந்துகொண்டு போகவில்லை. வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்போடு போயிருக்கிறார். அதைப் பாவாயிக்குச் சொன்னேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

அவள் வலது கையை நீட்டினாள். சோளத் தவிடு ஒட்டிய கை, நகக்கண்ணில் மண். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கருப்பண்ணன் மூட்டையோடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

மதியம் அரிசிச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. மூன்று மணிக்குமேல் அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று கடலை பிடுங்கியவர்கள். ஒருத்தி இடுப்பில் ஏழு மாதக் குழந்தை இருந்தது. "இது வயித்துலகூட இல்லீங்க அப்போ" என்று சொல்லி அவள் குழந்தையை என் மடியில் உட்காரவைத்தாள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். உயரமா, சிவப்பா, என்ன சாப்பிடுவார், பாட்டுக் கேட்பாரா, கோபம் வருமா, மகள் அவர் சாயலா. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கருப்பண்ணன்கூடத் தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையில் எங்கள் வீடு பல்லாவரத்தில். விமானங்கள் தாழ்ந்து போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் அவசரமாக வேறு பேச்சு எடுப்பார்கள். என் எதிரில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. புகைப்படத்தைக்கூட உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாம் என் மேல் உள்ள பிரியத்தால்தான். அவரைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த மண் வாசலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவரை ஒரு மணி நேரம்கூட அறியாத ஊரில் அவர் பெயரைச் சொல்ல யாரும் தயங்கவில்லை.

ஐந்து இருபது பஸ்ஸுக்குப் பாவாயி சாலை வரை வந்தாள். வண்டி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாப்பாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க அம்முணி" என்றாள். வருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை மகளோடு போய்வந்திருக்கிறேன். அவை தனிக்கதை. அன்று மாலை வேலூரில் நாமக்கல் பேருந்துக்கு மாறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வெற்றிலைக் கட்டுகளைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எந்தூருங்க? இங்க ஆரு ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்க?"

"என் வீட்டுக்காரர் விமானம் ஓட்டுகிறவர்" என்று ஆரம்பித்தேன். நாமக்கல் வரும்வரை நான் பேசிக்கொண்டே போனேன்.