ஆறு பற்களும் ஒரு பெயின்ற் அட்டையும்

என் மகளின் மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டினார்கள். ஒட்டிய நாளிலிருந்து நாற்பது நாள் அவற்றின் நிறத்தை நான் கொப்பியில் எழுதி வந்தேன். நாற்பத்தோராம் நாள் எழுதவில்லை.

குளங்களின் நீர்மட்டம் அளப்பது என் வேலையாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம், காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், குளத்துக்குள் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று பதிந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. வவுனியாவுக்குப் போகும் பஸ் எத்தனை இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மனைவி ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை தரம் அரிசி களைகிறா என்றும் தெரியும். இதை அவாவிடம் சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து செட்டிகுளத்துக்கு, குளத்தின் கீழ் வயற்காணி கிடைத்து வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்குப் பின்னால் குழாய்க்கிணறு அடிப்பித்தேன். நூற்றுப் பதினெட்டு அடியில் தண்ணீர் வந்தது. கண்ணாடிபோல இருந்தது. கோடையிலும் வற்றவில்லை. அயலவர்கள் குடத்தோடு வந்தார்கள். அந்தக் கிணற்றில் எனக்கு நல்ல பெருமை.

ஏழு வயதில் மகளுக்குப் பால்பல் விழுந்து புதிய பல் முளைத்தது. அதில் கபில நிறக் கோடுகள் இருந்தன, வெள்ளைச் சுவரில் துரு வடிந்ததுபோல. பிள்ளை ஒழுங்காகப் பல் தீட்டுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். உமிக்கரியை இடித்துக் கொடுத்து, கிணற்றடியில் அவளுக்கு எதிரே நின்று எண்ணினேன். மேல்வரிசைக்கு நாற்பது, கீழ்வரிசைக்கு நாற்பது. ஒருநாள் அவள் துப்பியது சிவப்பாக இருந்தது. "இன்னும் பன்னிரண்டு கிடக்கு" என்றேன். அதை நான் மறக்கவில்லை. அவளும் மறந்திருக்க மாட்டாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது கிணறுகளைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் தண்ணீரில் புளோரைட்டு கூடுதல் என்றார்கள். பல் முரசுக்குள், அதாவது ஈறுக்குள், உருவாகும்போதே கறை அதனுள் ஏறிவிடுமாம். முளைத்த பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாதாம். அன்றிலிருந்து வடிகட்டிய தண்ணீர் வாங்குகிறோம். ஆனால் மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகியிருந்தாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. முதலாம் வகுப்புப் படிப்பிக்கிறாள். போன வருடம் ஒருநாள் இராச்சாப்பாட்டின்போது, வகுப்பில் ஒரு சின்னப்பிள்ளை சொன்னதைச் சொன்னாள்: "எங்கட ரீச்சருக்கு எந்த நாளும் நித்திரை தூங்குது. வாயைப் பொத்திப் பொத்திக் கொட்டாவி விடுறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அடுத்த கிழமை வவுனியாவில் ஒரு பல் வைத்தியரைப் பார்க்கப் போனாள். ஒன்பது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

வைத்தியர் இளம் பெண். பொறுமைசாலி. தகட்டை ஒட்டும் பசையை அவ சீமெந்து என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதகு கட்டுகிற சீமெந்து எனக்குத் தெரியும்.

"பீங்கான் லேசில நிறம் மாறாது ஐயா" என்றா. "ஆனால் தகடு நகம்மாதிரி மெல்லிசு. உள்ளுக்க இருக்கிறது வெளியில தெரியும். பல்லின்ர கறையும் தெரியும், சீமெந்தும் தெரியும். அதால சீமெந்து நிறம் மாறினால் பல்லும் மாறினமாதிரி இருக்கும்."

"அப்ப அது மஞ்சளாகாதோ?" இது என் நாலாவது கேள்வி.

"ரெண்டு பசையைக் கலந்தால் தானாய் இறுகிற சீமெந்து ஒண்டு இருக்கு. அதை இறுக வைக்கிற மருந்து காலம்போக மஞ்சளடிக்கக் கூடும். மற்றது நீல வெளிச்சம் பிடிச்சால்தான் இறுகும். அதில அந்தப் பிரச்சினை குறைவு. தகடு மெல்லிசு எண்டபடியால் வெளிச்சம் உள்ளுக்கப் போகும். நான் அதைத்தான் போடப்போறன்."

"கொஞ்சமும் மாறாதெண்டு சொல்லேலுமோ?"

"ஐயா, உங்கட வீட்டுச் சுவர் மாறேல்லையோ? எல்லாம் கொஞ்சம் மாறும். மெசின் பிடிக்கிற வித்தியாசம் எல்லாத்தையும் மனிசக் கண் பிடிக்காது. கண் பிடிக்கிற அளவுக்கு வராமல் பாக்கிறதுதான் எங்கட வேலை."

தகடுகள் வந்த நாளில், ஒட்டுவதற்கு முன், கழுவினால் போய்விடும் பசை மூன்று நிறத்தில் வைத்துக் காட்டினா. பல் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டுமாம், காய்ந்த பல் உள்ளதைவிட வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றுமாம். முதலாவது பசையில் பழைய கபிலம் நிழல்போல எட்டிப் பார்த்தது. மூன்றாவது எல்லாவற்றையும் மறைத்தது. நான் மூன்றாவது என்றேன். மகள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"இது குளியலறைச் சுவரில ஒட்டுற ரைல் அப்பா. பல்லில்லை" என்றாள். நடுவில் இருந்ததை எடுத்தாள்.

எனக்குப் பயம் அங்கேயே தொடங்கிவிட்டது. மறைப்புக் குறைந்த சீமெந்து கொஞ்சம் மாறினாலும் உள்ளே இருக்கும் கறையும் சேர்ந்து தெரியுமே. என் கிணறு அவள் வாயில் இரண்டாம் தரமும் தெரியுமே.

வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது கடையில் தந்த நிற அட்டை அலுமாரியில் கிடந்தது. வெள்ளையும் வெள்ளைக்குக் கிட்டியதுமாக அதில் இருபத்துநாலு கட்டங்கள், கீழே போகப்போக மஞ்சள் கூடும். மகளின் பல் ஒன்பதாம் கட்டத்தோடு பொருந்தியது. அடுத்த நாள் தொடங்கி, காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் முன்கதவடி வெளிச்சத்தில் மறிப்பேன். "பிள்ளை, ஒருக்கால் பல்லைக் காட்டு." அவள் காட்டுவாள். அட்டையைப் பிடித்துப் பார்த்து எழுதுவேன். எத்தனை தேத்தண்ணி குடித்தாள் என்பதையும் எழுதினேன். கறிக்கு மஞ்சளைக் குறைக்கும்படி மனைவியிடம் சொன்னேன்.

"உவள் என்ன சுவரே?" என்றா மனைவி. "பெயின்ற் அட்டையைக் கொண்டு திரியிறியள். மஞ்சள் போடாத கறியை நீங்களே தின்னுங்கோ. அவளுக்கு நான் வேற வைக்கிறன்."

இருபத்துமூன்றாம் நாள் பல் பத்தாம் கட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடனே வைத்தியருக்கு போன் எடுத்தேன். அவ முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்க மழை இருட்டோ ஐயா?" என்றா. வெளியே பார்த்தேன். ஓம், மழை இருட்டு.

நாற்பத்தோராம் நாள் மகள் அறையிலிருந்து வரும்போதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து சைக்கிளடிக்குப் போனாள். தகடு ஒட்டிய பிறகு அந்தக் கை மேலே போனதை நான் காணவில்லை. அன்றுதான் கண்டேன்.

"என்ன பிள்ளை, பல் நோகுதோ?"

அவள் திரும்பினாள். கையை எடுக்கவில்லை.

"முந்தி நாப்பது தரம் எண்ணினியள். இப்ப நாப்பத்தொரு நாளாய் எண்ணுறியள். என்ர பல்லை எனக்கு எப்பயப்பா தரப்போறியள்?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் அட்டையைப் பிடித்தபடி நின்றேன். நாள் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டுமல்ல.

அன்று பின்னேரம் அவள் வந்து கதிரையில் இருந்ததும், வசனம் யோசிக்காமல் சொன்னேன்.

"உமிக்கரி தந்தது பிழை. உன்னில பிழையில்லை. அது கிணத்துத் தண்ணி. எனக்குப் பதினாறு வருசமாய்த் தெரியும். சொல்லேல்லை."

குசினியில் மனைவி தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மகள் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றினாள்.

"ஓம், பிழைதான்" என்றாள். பிறகு, "ஆனால் நானும் கள்ளம் செய்தனான். இரத்தம் வந்த நாளுக்குப் பிறகு இருபதோட நிப்பாட்டிப் போட்டு, சும்மா கையை மட்டும் ஆட்டினனான். நீங்கள் நாப்பது வரைக்கும் எண்ணிக்கொண்டு நிண்டியள்."

குசினியில் மனைவி சிரித்தா. முப்பத்திரண்டு வருடம் ஓர் அங்குலம் பிசகாமல் அளந்தவன் நான். என் கண்ணுக்கு முன்னால் பாதிக்குப் பாதி ஏமாற்றியிருக்கிறாள் ஏழு வயதுப் பிள்ளை. அட்டையை மனைவியிடம் கொடுத்தேன். அவா அதை அடுப்பில் வைத்தா.

ஆறு மாதம் கழித்துத் திரும்பக் காட்டப் போனோம். வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்தா. இடப்பக்கப் பல் ஒன்றில், தகடும் பல்லும் சேரும் விளிம்பில், சீமெந்துக் கோட்டில் கொஞ்சம் தேத்தண்ணிச் சாயம் ஏறியிருந்ததாம். மினுக்கி எடுத்துவிட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"ஐயா, நிறம் எப்பிடி? நீங்கள்தானே கணக்கு வைச்சிருக்கிறீங்கள்."

"தெரியாது டொக்டர். நான் பாக்கேல்லை" என்றேன்.

வைத்தியர் நம்பாமல் மகளைப் பார்த்தா. மகள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். நான் பல்லைப் பார்க்கவில்லை, அவளுடைய வலக்கையைத்தான் பார்த்தேன். அது கைப்பையின் வாரைப் பிடித்தபடி மடியிலேயே கிடந்தது.