வான் நோக்கும் மாந்தனும் கீழக்கரை சுலைகாவும்

இராமநாதபுரத்தில் அரண்மனை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய சர்க்கார் கச்சேரிக் கட்டிடத்தின் இரண்டு அறைகளில், ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சித்திரக் கூடம் வைத்திருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு படம். அதில் முப்பது மீசை. ஜமீன்தார் மீசை, திவான் மீசை, பேர் தெரியாத மீசை. பார்க்க வருகிறவர்களும் மீசைகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் மீசையைத் தடவிக்கொண்டு போவார்கள். நான் அங்கே காவல். பெயர் தவசி, ஊர் திருவாடானைப் பக்கம். டிக்கெட் கிழிப்பது, கூட்டிப் பெருக்குவது, படத்தைத் தொடுகிறவன் கையைத் தட்டிவிடுவது என் வேலை. மூன்றாவது வேலையை ரொம்பப் பிரியமாகச் செய்தேன்.

ஐம்பத்தொன்பதாம் வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்து விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்துவிட்டார். கீழக்கரை பஸ்ஸில் வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த ஊரில் கன்னியும் கிழவியும் வெளியே கிளம்பினால் ஒரே வெள்ளைதான். வயது நாற்பது இருக்கும். டிக்கெட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு மீசையையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய் ஜன்னலோரம் இருந்த கடல் படத்துக்கு முன்னால் நின்றார்.

அது சென்னையிலிருந்து வந்த ஓர் ஓவியர் வரைந்தது. ஐம்பத்துமூன்றில் வந்து, படகிலேயே ஏறிப் போய் வரைந்தாராம். சங்கு குளிக்கிற படகு. தண்ணீருக்குள் இறங்குகிறவனின் தலைமுடி மட்டும் அலைக்கடியில் கறுப்பாகத் தெரியும். படகு விளிம்பில் ஒருவர் கையில் கயிற்றோடு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படத்துக்குக் கீழே ஒரு சீட்டு. கூடத்தின் எல்லாச் சீட்டுகளையும் எழுதியவர் செயலாளர் சின்னச்சாமி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சும்மா 'மாடு' என்று எழுதமாட்டார், 'ஆனிரை' என்றுதான் எழுதுவார்.

"தம்பி, இங்கன என்ன எழுதியிருக்கு? படிங்க" என்றார் அந்தம்மா.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்பீரமாகப் படித்தேன். "ஆழியின் அடியில் தோழன் உயிர்க்குப் போராட, படகில் சோம்பி வான் நோக்கும் மாந்தன்."

"அதேதான். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கிழிச்சுப் போடுங்க."

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "இது உங்க வீட்டுச் சுவரா, கிழிச்சுப் போட?" என்றேன்.

"உங்க வீட்டுச் சுவருமில்ல. படத்துல இருக்கிறது எங்க காக்கா. கூடப் பிறந்தவரு. சதக்னு பேரு. அவரைச் சோம்பேறின்னு எழுதி மாட்டி வச்சு, டிக்கெட் போட்டுக் காட்டுறீங்க. நான் கேட்கக்கூடாதா?"

மீசைக்காரர்களுக்காக இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. படத்தில் இருப்பவருக்கு உடன்பிறந்தவள் ஒருத்தி இருப்பாள், அவள் பஸ் ஏறி வருவாள் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அவர் பெயர் சுலைகா. ஓலைப் பெட்டி முடைந்து பிழைக்கிறார். போன மாதம் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து கூடத்தைக் காட்டினார். அது எனக்கும் ஞாபகம் இருந்தது, நாற்பது கைகளைத் தட்டிவிட்டேன். படத்திலிருந்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஊருக்குப் போனதும் சதக்கைக் காண்கிற இடத்திலெல்லாம் "வான் நோக்கும் மாந்தன்" என்று பின்னால் போய்க் கத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் கத்தியதைப் பெரியவர்கள் அதட்டவில்லை. சிரித்தார்கள். அச்சடித்த மாதிரி எழுதி மாட்டியிருக்கிறதென்றால் சும்மாவா இருக்கும் என்றும் பேசினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூடப் போகவில்லை.

"எங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு, தம்பி. சங்கு குளிக்க இறங்குறவன் கயித்தை மச்சான் கையிலதான் கொடுப்பான். பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோ. சொந்த அண்ணன் தம்பி இருந்தாலும் கொடுக்கமாட்டான். ஏன்னு சொல்லுங்க?"

தெரியவில்லை என்றேன்.

"கூடப் பிறந்தவ தாலி அவன் கையில இருக்குல்ல. தூங்குவானா? என் மாப்பிள்ளை மீரா சாகிபு பதினாறு வருசம் எங்க காக்கா கயித்துலதான் இறங்கினாரு. அந்தா தண்ணிக்குள்ள தெரியுது பாருங்க, அந்தத் தலை அவருதுதான்."

மாப்பிள்ளையின் தலையைக் காட்டியபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செயலாளர் பத்து மணிக்கு வருவார், அவரிடம் சொல்லுங்கள் என்று நழுவப் பார்த்தேன். "பத்து மணி வரைக்கும் இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொன்னாலும் இருக்கேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னச்சாமி வரும்போது, இராமேஸ்வரம் போய்த் திரும்புகிற பரமக்குடிக் குடும்பம் ஒன்றும் உள்ளே நுழைந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். கூட்டம் சேர்ந்தால் சின்னச்சாமிக்குக் குஷி. சுலைகா சொன்னதைப் பாதி கேட்டதும் கையை உயர்த்தினார்.

"இந்தாம்மா, இது கலை. உனக்குப் புரியாது. படத்தைப் பாரு. உன் அண்ணன் கண்ணு எங்க இருக்கு? வானத்துல. கீழ ஒரு உயிர் ஊசலாடுது, இவர் காக்கா குருவி பார்க்கிறார். உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்."

"கண்ணு வானத்துலதான் இருக்கு. கண்ணுக்கு அங்கன என்ன வேலை?"

"கயிற்றைப் பார்க்கிற வேலை!"

"நீங்க பார்த்துக் காட்டுங்க."

சொல்லிக்கொண்டே அவர் செய்த காரியத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படங்களை யாரும் நெருங்காமலிருக்க, சுவரோரம் கட்டைகளில் ஒரு கயிறு கட்டியிருந்தோம். அதை அவிழ்த்துவிட்டார். ஒரு முனையைச் செயலாளர் கையில் திணித்தார். மறுமுனையோடு, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனார். தடுக்க வேண்டியவன் நான். தடுக்கவில்லை. என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் கயித்தைச் சுண்டி லேசா ஒரு வெட்டு வெட்டுவேன். மூச்சு முட்டுறவன் அவ்வளவுதான் வெட்டுவான். வெட்டினதும் இழுங்க. வெட்டுறதுக்கு முந்தி இழுத்தாலும் தப்பு, வெட்டின பிறகு இழுக்காட்டியும் தப்பு."

பரமக்குடிக்காரர்கள் படங்களை விட்டுவிட்டு வட்டமாக நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் சின்னச்சாமியால் பின்வாங்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலையையே முறைத்தார். காற்றில் சீலை அசைந்தது. இழுத்தார்.

"நான் வெட்டவே இல்லையே!"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை கயிற்றையே உற்றுப் பார்த்தார். யாரோ குழந்தையை இடுப்பு மாற்றினார்கள், தரை அதிர்ந்ததோ என்னவோ, மறுபடியும் இழுத்தார். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவை கண்ணைக்கூட இமைக்காமல் குனிந்து நின்றார். நெற்றியில் வியர்வை. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுலைகாவே சீலையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மூணு வாட்டி வெட்டிட்டேன். உங்க ஆளு மவுத்தாப் போயிட்டாரு."

செயலாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, கண்ணு இருக்கே, அது அலையைப் பார்க்கும், மீனைப் பார்க்கும், நிழலைப் பார்த்துப் பயப்படும். கைக்கு வந்த சேதியைக் கண்ணு கெடுத்துப்போடும். அதனாலதான் கயிறு பிடிக்கிறவரு கண்ணைத் தூக்கி வானத்துல வச்சிருவாரு. இப்ப நீங்க உத்தரத்தைப் பாருங்க. கயித்தை விரலுக்கு மேல ஓட விடுங்க. சும்மா இருங்க."

அவர் திரும்ப உள்ளே போனார். சின்னச்சாமி தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். திடீரென்று கயிற்றை இழுத்தார். "சரி!" என்று உள்ளேயிருந்து குரல். மறுபடியும் சரி. மூன்றாவதும் சரி. அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்திருந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்து, கண் மேலே போய், கயிறு விரலில். பரமக்குடிக்காரர்கள் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அச்சு அசல்.

"வான் நோக்கும் மாந்தன்!" என்று நான்தான் கத்தினேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

சின்னச்சாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீம்பு பிடித்தவர், ஆனால் கெட்டவர் இல்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மாத்தி எழுதிடறேம்மா. பிழைதான்" என்றார். எழுதிப் படித்தும் காட்டினார். "விழியினும் கூரிய கரத்தால் கயிறு காத்து, இறங்கியோர் அனைவரையும் உயிருடன் கரை சேர்த்த காவலன்." கூட்டத்தில் ஒருவர் கைகூடத் தட்டினார். ஜெயித்துவிட்டார் கீழக்கரைக்காரி என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

"வேணாம்" என்றார் சுலைகா.

"இன்னும் என்னம்மா?"

"அனைவரையும்னு எழுதாதீங்க. என் மாப்பிள்ளை வரல."

அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு வருசமாச்சு. கயித்துல வெட்டு வந்துச்சு, காக்கா இழுத்தாரு. அடியில எதுலயோ மாட்டிக்கிச்சு. பாறையோ, என்னமோ. விடாம இழுத்திருக்காரு. கடைசியில கயிறுதான் வந்துச்சு. கரைக்கு வந்தப்ப அவரு உள்ளங்கையில தோலு இல்ல. நான் பார்த்தேன். ஊரு அவரைத்தான் சொல்லுச்சு. வெளிய சொல்லாம உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்துச்சு. உங்க சீட்டு வந்ததும் சத்தமாச் சொல்லுது."

அந்த வெள்ளைத் துப்பட்டியை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். காலையிலிருந்து கணவன் உயிரோடிருக்கிற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். எனக்கு என் மேலேயே வெட்கமாகப் போயிற்று.

சின்னச்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதுக்காகத்தாம்மா சொல்றேன். இப்படி எழுதினா உங்க அண்ணன் பேருக்கு நல்லதுதானே. ஒருத்தர் திரும்பி வரலைன்னும் எழுதிட்டு, இவர் கவனமா இருந்தார்னும் எழுதினா, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணும்னாலும் நினைக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டு நினைக்கட்டும். நீங்க, 'எல்லாரும் கரை சேர்ந்தாங்க'ன்னு எழுதினா ஊரு சிரிக்கும். ஊரு கிடக்குது. எங்க காக்காவுக்குத் தெரியும்ல, அது பொய்யின்னு? பொய்யைக் கேட்டு அவரு வெளிய வருவாரா?"

"சாவை எழுதி மாட்டுற இடமில்லம்மா இது. நான் எழுதமாட்டேன்." பேனாவை மூடிக்கொண்டு அவர் போய்விட்டார். கோபத்தில் போகவில்லை என்று நினைக்கிறேன். அழுதுவிடுவோமோ என்று பயந்து போனார்.

சுலைகா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எழுதத் தெரியும்ல?"

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அதைச் சொன்னேன். பரவாயில்லை என்றார். பழைய சீட்டைக் கிழித்தேன். டிக்கெட் கட்டின் அட்டையை வெட்டி, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் சொன்னது பேச்சில், நான் எழுதியது எனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழில். இதுதான் அது:

'சங்கு குளிப்பு. படகில் கயிறு பிடிப்பவர் கீழக்கரை சதக். தண்ணீரில் இருப்பவர் அவருடைய தங்கை கணவர் மீரா சாகிபு. கயிறு பிடிப்பவர் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் பார்ப்பார். பதினாறு வருடம் இவர் இழுத்து மீரா சாகிபு மேலே வந்தார். ஒரு நாள் வரவில்லை. அது இவர் குற்றம் இல்லை. இதைச் சொல்வது மீரா சாகிபுவின் மனைவி சுலைகா.'

மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை என்னோடு சேர்ந்து அவரும் சொன்னார். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சின்னச்சாமி அந்த அட்டையைப் பார்த்தார். "யார் எழுதினது?" என்றார். "நான்தான்யா. கிழிக்கிறதா இருந்தா நீங்களே கிழிங்க. அந்தக்கா வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றேன். என் வாழ்க்கையில் மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் விட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலைகா வந்தார். கூடவே உயரமான ஓர் ஆள். நரைத்த தாடி. படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துத் தயங்கினார். சுலைகா அவர் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிவந்தார்.

நான் அட்டையைப் படித்தேன். 'ஒரு நாள் வரவில்லை' என்ற இடத்தில் அவர் கை இரண்டும் தானாக மூடிக்கொண்டன. படித்து முடித்ததும் தங்கையைப் பார்த்தார்.

"மூணு வருசமா நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலயேம்மா."

"என்ன கேட்க, காக்கா? அன்னைக்கே உங்க கையைப் பார்த்துட்டேன்."

அவர் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையிலிருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரை எங்காவது ஒதுக்குப்புறமாக உட்காரவைக்கலாம் என்று ஸ்டூலை எடுத்தேன். சுலைகா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி படிங்க, தம்பி. சத்தமா. அங்கன நிக்கிறவுகளுக்கும் கேட்கட்டும்."