பன்னிரண்டில் ஒரே ஒரு மாதம்

டல்வீனா மாவை மெல்லிசாக இழுத்து, நடுவில் கறியை வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி எண்ணெயில் விடுவாள். பஸ்தேல் பொம்மென்று உப்பிக்கொண்டு மேலே வரும். பிரேசிலின் சொரோகாபா ஊர் ஞாயிற்றுச் சந்தையில் அவள் கடை வரிசையில் நிற்பவர்களை நம்பித்தான் பக்கத்துக் கரும்புச்சாற்றுக்காரன் பிழைத்தான்.

நின்று நின்று அவளுக்கு முட்டிதான் தேய்ந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் ஜில்டாசியோ. அவள் மகள் ஜுசாராவுக்கு ஞானத்தகப்பன். லாரி ஓட்டியவன், இப்போது கைபேசியும் கையுமாகத் திரிகிறவன். எதைச் சொன்னாலும் அவன் கத்தலில் கால்பந்து வர்ணனைக்காரன் தோற்றுப்போவான்.

“பதினெட்டு, அக்கா! வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம்! கோ...ல்!”

“கத்தாதடா, எண்ணெ தெறிக்குது. என்ன பதினெட்டு?”

“கட்டட நிதி, அக்கா. நாலு பேரு காசு போட்டு குடோன் வாங்கி வாடகைக்கு விட்டிருக்காங்க. மாசாமாசம் பங்கு நம்ம கணக்குல வந்து விழும். நானும் போட்டிருக்கேன். நீங்க சோஃபால கால நீட்டிக்கிட்டு நாடகம் பாருங்க.”

“கடைய யாரு பாக்கறது?”

“என்கிட்ட விட்டுடுங்க. நல்ல வெல தர்றேன்.”

கடை இடம், கூடாரம், வாணலி எல்லாவற்றையும் அவனிடம் விற்று, வந்த காசு மொத்தத்தையும் டல்வீனா அந்த நிதியில் போட்டாள்.

முதல் மாதம் வந்த பங்கைப் பார்த்து, மீதி நாளைக்கு வரும்போல என்று இருந்தாள். மீதி வரவில்லை. அடுத்த மாதமும் அதே கதை. ஜில்டாசியோவுக்குப் போன் போட்டால், “பொறுங்கக்கா, சந்தைன்னா ஏறும் எறங்கும்,” என்று பாதிரியார் குரலில் ஆறுதல் சொன்னான்.

கடைசியில் ஜுசாராவிடம் கைபேசியைக் கொடுத்தாள். நிதி இதுவரை கொடுத்த பங்கெல்லாம் மாதவாரியாகக் கோடு கோடாக நின்றது.

“எல்லாம் குட்டப் பசங்க. நடுவுல ஒருத்தன் மட்டும் கூடைப்பந்து ஆடறவன் மாதிரி நிக்கறானே, யாரும்மா இவன்?” என்று சிரித்தபடி கீழே படித்த ஜுசாராவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “ரெண்டு குடோன்ல ஒண்ண வித்துட்டாங்க. அந்த லாபத்தத்தான் அந்த மாசம் பிரிச்சுக் குடுத்திருக்காங்க. பன்னெண்டு மாசத்தையும் கூட்டி இப்போதைய வெலையால வகுத்தா பதினெட்டு. நீ வாங்கினது அதுக்கப்புறம்.”

டல்வீனா கைபேசியைத் திரும்ப வாங்கி அந்த உயரமான கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“அப்போ அது வாடகையே இல்ல. நான் ஒரு வாணலிய வித்துட்டு, இந்த மாசம் வியாபாரம் பிச்சுக்கிச்சுன்னு சொல்ற மாதிரி.”

“அதேதான். அந்த ஒரு மாசத்த எடுத்துட்டா ஏழு கூடத் தேறாது. நீ வாங்கின யூனிட் வெலையும் எறங்கிடுச்சு. இப்ப வித்தா பாதிக் கடைகூட வாங்க முடியாது.”

ஆனாலும் டல்வீனாவுக்கு ஜில்டாசியோவின்மேல் பரிதாபம்தான் வந்தது. பாவம், அவனும் போட்டிருக்கிறானே. சண்டை போட அல்ல, எச்சரிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மகளோடு சந்தைக்குப் போனாள்.

“தம்பி, நம்ம ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம்டா.”

அவன் வாயைத் திறப்பதற்குள், எண்ணெயிலிருந்து பஸ்தேலை அரித்தெடுத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி நெய்டி முந்திக்கொண்டாள். “நாங்க எங்கக்கா ஏமாந்தோம்? அந்தப் பெரிய பணம் வந்த ஒடனே எங்களோடத வித்துட்டோமே. இல்லன்னா இந்தக் கடைய வாங்க எங்களுக்கு ஏது காசு?”

“நெய்டி, சாஸ் தீந்துடுச்சு பாரு,” என்றான் ஜில்டாசியோ. இப்போது அந்தக் குரலில் கால்பந்தும் இல்லை, பாதிரியாரும் இல்லை.

“வித்துட்டு வந்துதான் எனக்குக் கோல் போட்டியா?”

“அக்கா, நான் எதையும் மறைக்கல. எல்லாம் கைபேசில அந்த நிதியோட பக்கத்துலயே போட்டிருந்துச்சு.”

“போட்டிருந்துச்சு. நீ படிச்ச. எனக்குப் பதினெட்ட மட்டும் படிச்சுக் காட்டின.”

அவன் துணியால் கையைத் துடைத்தான். “வேணும்னா ஞாயித்துக்கெழம இங்க வந்து நில்லுங்க. தினக்கூலி தர்றேன். ஒங்க கை மாதிரி மாவு யாருக்கும் வரல.”

டல்வீனா பதில் சொல்லாமல் திரும்பினாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து விடைபெறும்போது ஞானத்தகப்பனிடம் ஆசி கேட்டே பழகிய ஜுசாராவின் கை தானாக நீண்டது.

“ஆசி குடுங்க, ஞானப்பா.”

“கடவுள் ஒன்ன...” என்று அவனும் பழக்கத்தில் கையை நீட்டி ஆரம்பித்துவிட்டான்.

டல்வீனா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“வேணாம். இவன்கிட்ட இனிமே கேக்காத.”

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜில்டாசியோ நின்றான். வரிசையில் நின்ற ஒருவன், “அண்ணே, ரெண்டு சீஸ் பஸ்தேல்! சீக்கிரம்!” என்றான்.