மெயின்லாண்ட் கிட்னி

என் வயிற்றில் வேலை செய்வது என் மனைவியின் சிறுநீரகம். அவள் விருதுநகர்க்காரி; தீவுக்காரர்களான எங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மெயின்லாண்ட். அதனால் என் அண்ணன் அதற்கு 'மெயின்லாண்ட் கிட்னி' என்று பெயர் வைத்தான். போர்ட் பிளேர் பக்கம் சௌல்தாரியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மெயின்லாண்ட் கிட்னி எப்படியோ ஓடுது" என்று இந்தியிலும் தமிழிலும் சொல்வான். எங்கள் தாத்தாவும் மெயின்லாண்டிலிருந்து கப்பலேறி வந்தவர்தான். அதைச் சொன்னால் அண்ணனுக்குக் காது கேட்காது. நாங்கள் லோக்கல், மற்றவன் எல்லாம் வந்தவன்.

உடம்புக்கு நல்லது என்று அவன் வாங்கித் தராத பொருள் இல்லை. கடைசியாக நோனிப் பழ ஜூஸ். இந்தத் தீவில் தலைவலி முதல் கடன் தொல்லை வரை எல்லாவற்றுக்கும் நோனிதான். "எதிர்ப்புச் சக்தி ஏறும்டா, பீ லே, குடிச்சிரு" என்று தினமும் எதிரே உட்கார்ந்து குடிக்க வைத்தான். அவன் வாயை அடைக்க நானும் குடித்தேன். மனைவி போனில் கிட்னி மாற்றி வைத்த சென்னை டாக்டரைக் கேட்கலாம் என்றாள். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றான் அண்ணன்.

கால் வீங்கியது. சிறுநீர் குறைந்தது. போர்ட் பிளேரில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். மூன்று பேரும் விமானம் ஏறினோம். வழியெல்லாம் அண்ணன், "அவ கிட்னி ஒத்துக்கலை. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிறுநீரகம் போனால் எனக்கு மறுபடி டயாலிசிஸ். அவளிடம் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அது அவளுக்கு வேண்டும்.

சென்னையில் ஊசியால் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"உறுப்பை மாத்தி வைக்கும்போது, அதுல இருந்த காவல் அணுக்களும் கூடவே வரும். அதுல கொஞ்சம் வெளிய கிளம்பி உங்க உடம்புல நெறி கட்டுற முடிச்சுங்களுக்குப் போகும். உங்க அணுக்கள் அங்க பார்த்துட்டு, 'இது நம்மாள் இல்லை'ன்னு கண்டுபிடிக்கும்."

அண்ணன் துள்ளினான். "தேக்கா? பார்த்தியா? முதல்ல கிளம்பினது அவ ஆளுங்க!"

"வந்த வீட்ல வணக்கம் சொல்லப் போயிருக்கும் அத்தான்" என்று அவனிடம் சொன்னாள் மனைவி. "அடிக்க வந்தது யாருன்னு கேளுங்க."

"அந்த அணுக்கள் எப்பவோ அடங்கியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இப்போ கிட்னிக்குள்ள கும்பலா நுழைஞ்சு அடிக்கிறது முழுக்க இவரோட அணுக்கள். சரி, புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அண்ணன் பெருமையாகச் சொன்னான். "நோனி, மேடம். எதிர்ப்புச் சக்திக்கு."

டாக்டரம்மா அவனையே பார்த்தார். "எதிர்ப்பைக் குறைக்க நாங்க மாத்திரை குடுக்கிறோம். நீங்க ஏத்திவிட ஜூஸ் குடுக்கிறீங்களா? அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இனிமே அது கூடாது."

அண்ணன் முதல் முறையாகச் சுவரில் இருந்த விளம்பரத்தை அக்கறையாகப் படித்தான்.

நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். என் கன்னம் உப்பியது, தூக்கம் போனது, கோபம் இரட்டிப்பானது. அது ஏற்கனவே போதுமான அளவு இருந்தது. மனைவி சிறுநீர்க் குடுவையை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பாள். பிறகு ஒரு காலை அளவு ஏறியிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும் இறங்கியிருந்தது.

அண்ணன் உடனே போனை எடுத்து பக்கத்துத் தீவில், ரங்கத்தில் இருக்கும் சித்தப்பாவை அழைத்தான். "நம்ம ரத்தம்ல சித்தப்பா, பெரிய மனசு. கடைசில ஏத்துக்கிச்சு!"

நான் போனைப் பிடுங்கினேன். "ஏத்துக்கலை சித்தப்பா. நம்ம ஆளுங்களை ஊசி போட்டு அடிச்சுப் படுக்க வெச்சிருக்கு. எழுந்திரிக்காம இருக்க நான் சாகிற வரைக்கும் மாத்திரை முழுங்கணும். அதுதான் நம்ம பெரிய மனசு!"

"போதும், கத்தாதீங்க" என்று மனைவி தண்ணீரை நீட்டினாள். "ரத்தக் கொதிப்பு ஏறினா கெட்டுப்போறது என்னோட கிட்னி."

குடித்தேன்.