இல்மோ பிடுங்கிய பொத்தான்

இல்மோவை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர் கொத்காவில், துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறான். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. வேலை முடிந்தால் கம்பளிக் காலுறையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் படை நகர்த்தும் விளையாட்டுதான் அவனுக்கு உயிர். அதில் இருப்பதிலேயே கடினமான போரை ஏழு தடவை ஜெயித்தவன் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

அந்த விளையாட்டுக்கான எங்கள் சங்கம் நூலக மாடியில் சனிக்கிழமை மதியம் கூடும். இருவர் இருவராக ஆடும் போட்டியில் முதல் பிரிவுக்கு ஏற எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஏறின கையோடு என் ஜோடி வேலை மாறிப் போய்விட்டாள். இல்மோவைச் சேர்த்துக்கொண்டேன். கடைசி இடத்துக்கு வந்தால் மறுபடி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

முதல் ஆட்டம் லாத்தி ஊர் ஜோடியோடு. இல்மோவின் சிப்பாய் சுட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு படும் என்று திரை காட்டியது. படவில்லை. நான் மூச்சு விடுவதற்குள் இவன் சுண்டுவிரல் பாய்ந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டது. சேவ் செய்த இடத்துக்கு ஆட்டத்தைத் திருப்பும் பொத்தான். போட்டியில் அதைத் தொட்டாலே தோல்வி. நடுவர் குறித்துக்கொண்டார், லாத்திக்காரர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து.

அப்புறம்தான் வண்டவாளம் வெளியே வந்தது. வீட்டில் ஆடும்போது குண்டு பட்டால் மேலே ஆடுவான், படாவிட்டால் திரும்பிப் போய் மறுபடி சுடுவான். ஒரு சிப்பாயைக்கூட இழக்காமல் ஏழு தடவை ஜெயித்த லட்சணம் இதுதான். மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"நீ ஜெயிச்சதெல்லாம் ஜெயிச்சதே இல்லய்யா. ஒரு தடவையாவது தோத்திருந்தாத்தான அதுலேர்ந்து எழுந்திரிக்கத் தெரியும்?"

அவன் சமையலறையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்து வந்து அந்தப் பொத்தானைக் கீபோர்டிலிருந்து நெம்பி எடுத்தான். அப்படியே ஆட உட்கார்ந்தான். மூன்றாவது முறையில் இரண்டு சிப்பாய்கள் போனார்கள். டிப்போ டிரைவர்களின் பெயரை அவர்களுக்கு வைத்திருந்தான், முகம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் எழுந்திருக்க விடவில்லை.

"குண்டு படாதது உன் தப்பில்ல. படலைன்னா என்ன பண்றதுன்னு யோசிக்காம அங்க போய் நின்ன பாரு, அதுதான் உன் தப்பு. எந்த முறையில தோத்தோம்னு எழுதி வை. அதிர்ஷ்டம்னு மட்டும் எழுதாத."

எழுதினான். குளிர்காலம் முழுக்க எழுதினான். சுடுவதற்கு முன்னால் எத்தனை பங்கு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பின்வாங்க வழி இருக்கிறதா என்று பார்க்கப் பழகினான். எப்போதும் ஒரு ஆளைக் கையிருப்பாகப் பின்னால் நிறுத்தினான். மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தோம். லாத்தியில் நடக்கும் கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் முதல் பிரிவிலேயே இருக்கலாம்.

அங்கே எதிர் ஜோடியில் ஒருத்தியான துய்ரே, முதல் ஆட்டத்தில் எங்களோடு ஆடியவள், எங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டே, "இன்னைக்காவது முழு ஆட்டம் ஆடுவீங்களா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. இல்மோ காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்தாவது முறையில் திரையில் இருந்த பாலத்தைத் தாண்டி அவள் படையை நசுக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. "பொறு," என்றான் இல்மோ. நான் பொறுக்கவில்லை. என் மூன்று சிப்பாய்களையும் ஒன்றாகப் பாலத்தில் ஏற்றினேன். எட்டாவது முறையில், எண்பது பங்கு படவேண்டிய என் குண்டு படவில்லை. தோற்றோம்.

திரும்பும் ரயிலில் இல்மோ கறுப்பு ரொட்டியைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தான். எந்த முறையில் தோற்றோம் என்று கேட்டான். எட்டாவது, அதிர்ஷ்டம் இல்லை என்றேன். கோவொலா ஸ்டேஷன் வந்ததும் மறுபடி அதையே கேட்டான். நானும் அதையே சொன்னேன், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.

"அடுத்த வருஷம் வேற ஜோடி கேக்கப் போறேன், ரித்வா," என்றான். "கோவமெல்லாம் இல்ல. அதிர்ஷ்டம்னு எழுதக்கூடாதுங்கறது நீ சொல்லிக் குடுத்ததுதான்."

ஒரு வாரம் சங்கத்தில் அவனை நன்றி கெட்டவன் என்று திட்டித் தீர்த்தேன். அதற்கப்புறம்தான் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பாலத்தில் கால் வைத்தபோதே கதை முடிந்திருந்தது. எட்டாவது முறையில் அந்தக் குண்டு பட்டிருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம். நாலு தடவை அவனுக்குப் பேசப் போனை எடுத்து, பேசாமலே வைத்துவிட்டேன். நாம தோத்தது ஐந்தாவது முறையில, அது என் தப்பு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊரையே திட்டுகிற இந்த வாயில் அது மட்டும் வரமாட்டேன் என்கிறது.